உன் கிட்னிக்கு ஒரு குற்றமும் இல்லை

கருமாத்தூர்
16-7-86, புதன்கிழமை

அன்பு மகன் சுருளிக்கு அம்மா முத்துத்தாய் எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் நல்ல சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அப்படி எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முட்டுவலி தவிர வேறு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறார். நான் வேளைக்கு மாத்திரை தின்கிறேன், வேளைக்குச் சண்டை போடுகிறேன். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இல்லை. போன மாதம் 26ஆம் தேதி வியாழக்கிழமை அடியோடு எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்தாகிவிட்டது, புண் மெதுவாக ஆறி வருகிறது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகிக்கொண்டு நேற்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அம்மா கையெழுத்து இப்படிக் கோழி கிண்டின மாதிரி ஆகிவிட்டதே என்று அதைப் பார்த்து அழாதே. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கின கை, மறுபடி பழகிக்கொள்ளும். பிலாயில் மழை பிடித்துவிட்டதா? இங்கே நாளைக்கு ஆடி பிறக்கிறது, காற்று மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது, மழையைக் காணோம்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பக்கம். உன் மாமா மலைச்சாமி உனக்கு எழுதியிருக்கிறார் என்பதே அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். விரல் போனதை உனக்குப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருக்க, கூடப் பிறந்த அண்ணன் முந்திக்கொண்டார். மகன் கிட்னி ஆத்தா உடம்புக்குச் சேரலை, அதுதான் உள்ள கெடந்து புத்துநோயாக் கெளம்பிருச்சு, அதை எடுத்துப் போட்டாத்தான் ஆளு தப்பும் என்று எழுதினாராமே. நாலு வருசத்துக்கு முன்னால், ஒத்தைக் கிட்னிக்காரனுக்கு எம்மகளைக் குடுக்க மாட்டேன் என்று தங்கப்பொண்ணைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்த மனுசர் அவர். அன்றைக்கும் அவருக்குக் கிட்னி எங்கே இருக்கிறது என்று தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் எழுதினார் என்றால் நீ அதை நம்பி, மாத்திரையெல்லாம் நிறுத்தும்மா, என் கிட்னி போனாப் போகட்டும், நான் வேலையை எழுதிக் குடுத்துட்டு வாரேன் என்று எழுதலாமா? இரும்பு உருக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறாயே, உன் புத்தியையும் சேர்த்து உருக்கிவிட்டார்களா? முதலில் இதை முழுக்கப் படி, பிறகு வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசி. யோசிக்கவும் வேண்டாம், விடக் கூடாது.

நடந்தது இதுதான். போன வருசம் சித்திரையில் வலது கையில் மரு வந்தது. முதலில் ஆள்காட்டி விரல் கணுவில் ஒன்று, அப்புறம் புறங்கையில் நாலைந்து, இடது கையில் கொஞ்சம். நம் பக்கத்தில் மரு வந்தால் யாராவது டாக்டரிடம் போவார்களா? உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் போடுவோம், உப்புக் கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும். உனக்கே பத்து வயதில் முழங்காலில் வந்ததற்குப் போட்டு, உதிர்ந்தது. அதே மாதிரி உன் அப்பா குலசாமி கோயிலுக்கு நடந்தே போய்ப் போட்டுவிட்டு வந்தார். போட்ட பிறகு மருவை எண்ணக் கூடாது, ஒருத்தர் கண்ணிலும் காட்டக் கூடாது, காட்டினா உதிராது என்று பக்கத்து வீட்டு ராமக்காள் சொன்னாள். நானும் அப்படியே இருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தல்லாகுளத்தில் கிட்னி டாக்டரைப் பார்க்கப் போவேன் இல்லையா, அவர் கால் வீங்குதா, காய்ச்சல் வந்துச்சா, ஒன்னுக்கு நல்லாப் போகுதா என்று கேட்பார், நான் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு எல்லாம் நல்லாருக்குங்கய்யா என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு தடவை இல்லை சுருளி, ஆறு தடவை. மரு சாமிக்கு, கிட்னி டாக்டருக்கு என்று நானே பிரித்து வைத்துக்கொண்டேன். சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டு, திருப்பு என்று பார்த்துவிட்டுச் சோறு போடச் சொல்கிறவள் நான், என் கையை ஒளித்துக்கொண்டு திரிந்தேன். உப்பு மிளகு போட்டதற்கு எனக்கு வெட்கம் இல்லை, சாமியிடம் சொல்வது நம் வழக்கம், இனியும் சொல்லுவோம். டாக்டரிடம் ஒளித்ததுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது, உன் கிட்னியுடையது இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதத்தை வீணாக்குகிறேன்.

இந்தத் தை மாதம் விரலில் இருந்த மரு மட்டும் வெடித்துப் புண்ணாயிற்று. தொட்டால் ரத்தம், ஆறுவேனா என்கிறது. அப்பா சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்து வைத்தார், எரிச்சலில் குதித்தேனே ஒழிய ஆறவில்லை. பங்குனியில் கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா, நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது விரலைப் பார்த்துவிட்டார். இந்தப் புண்ணோட சமையல் பக்கம் வரக் கூடாது, ஒட்டுற நோய் இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கா சர்டிபிகேட் என்று அந்தக் கோபத்தோடேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நல்ல வேளை அந்தம்மா என்னைக் கோபப்படுத்தினார், இல்லையென்றால் இன்னும் முந்தானைக்குள்தான் வைத்திருப்பேன். அங்கே தோல் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா என்று கேட்டார். எம்மகன் கிட்னி குடுத்தான், நாலு வருசமா மஞ்சள் மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் சாப்பிடுறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு கை, முகம், காது மடல், கழுத்து எல்லாம் பார்த்தார், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். இத்தனை மருவையும் கிட்னி டாக்டர் பாக்கலையா என்றார். நான் காட்டலை என்றேன். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புண்ணில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார், பன்னிரண்டாம் நாள் புற்று என்று வந்துவிட்டது.

ஏன் வந்தது என்று அந்த டாக்டர்ப் பிள்ளை என்னை உட்கார வைத்துச் சொன்னது, நீயும் கேட்டுக்கொள். நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது, வேற்றுப் பொருள் எது வந்தாலும் அது விரட்டிவிடும். உன் கிட்னியும் என் உடம்புக்கு வேற்று ஆள்தான். அதை விரட்டாமல் இருக்கத்தான் இந்த மாத்திரைகளைக் கொடுத்துக் காவலை அடக்கி வைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் நாம் நாயைக் கட்டிப் போடுகிறோம் இல்லையா, அதுதான். நாய் கட்டிக் கிடக்கிற வீட்டில் திருடனும் நுழைவான். மரு அத்தனை வந்ததும் அதனால்தான், அதில் ஒன்று புற்றானதும் அதனால்தான், வெயிலும் கூடச் சேர்ந்துகொண்டதாம். கிட்னி மாற்றினவர்களுக்கு மற்றவர்களைவிடப் புற்று வர வாய்ப்பு அதிகம் என்று வெளிநாட்டில் எல்லாம் கணக்கெடுத்திருக்கிறார்களாம். மெட்ராசில் மாற்றின அன்றைக்கே இதையும் சொல்லியிருப்பார்கள், கத்திக்குக் கீழே என் பிள்ளையும் படுக்கிறான் என்பதைத் தவிர அன்றைக்கு என் காதில் எது விழுந்தது? ஆனால் ஒன்று கேட்கிறேன், திருடன் வந்ததற்கு விருந்தாளியையா கட்டிவைத்து அடிப்பார்கள்? உன் மாமா வேண்டுமானால் அடிப்பார்.

அதற்கு அப்புறம்தான் கூத்து. ஆபரேசன் டாக்டர், விரலை எடுக்கணும், மாத்திரையையும் அடியோட நிறுத்தணும், இல்லைன்னா இன்னோர் இடத்துல வரும் என்றார். தல்லாகுளத்துக் கிட்னி டாக்டர், அடியோட நிறுத்தினா கிட்னி போயிரும், போனா மறுபடி மெட்ராசுல ரத்தத்தைச் சுத்தம் பண்ணுற மிசின்தான் என்றார். இவர் ஒரு சீட்டு எழுதி அவர்கிட்ட காட்டுங்க என்பார், அவர் அதன் முதுகிலேயே பதில் எழுதி இவர்கிட்ட காட்டுங்க என்பார். வெயில் மேலே படக் கூடாது என்று எழுதின சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வைகாசி வெயிலில் நாலு தடவை பஸ்ஸில் அலைந்தோம். உன் அப்பாவின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு நான் போவதைப் பார்த்து, களையெடுக்கப் போறியா கலெக்டர் ஆபீசுக்குப் போறியா என்று பஸ் ஸ்டாப்பில் கேலி வேறு. ரெண்டுக்கும்தான் என்றேன். ஐந்தாவது தடவை நான் ஆபரேசன் டாக்டர் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அய்யா, நான் தபால்காரி இல்லை, நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி ஒரே பேச்சாச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன் என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஏச ஆரம்பித்தார்கள், நர்சம்மா எந்திரிங்க எந்திரிங்க என்கிறார், உன் அப்பா வேர்த்து விறுவிறுத்து வா முத்துத்தாயி போயிருவோம் என்று முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். நான் அசையவில்லை. கடைசியில் டாக்டர் போனை எடுத்தார். இருபது நிமிசம் இங்கிலீசில் பேசினார்கள். முடிவு இதுதான்: விரலை எடுப்பது, மற்ற மருவையெல்லாம் சுட்டு எடுப்பது, மஞ்சள் மாத்திரையைப் பாதியாகக் குறைப்பது, வெள்ளை மாத்திரை அப்படியே இருக்கட்டும், எட்டு வாரத்துக்குத் திங்கள்கிழமை தோறும் ரத்தம் பார்ப்பது. போனை வைத்துவிட்டு அந்த டாக்டரே சிரித்துவிட்டார், உங்க மகன் கிட்னிய விட உங்க வாய்தான் உறுதியா இருக்கும்மா என்றார். ரெண்டும் உறுதிதானுங்கய்யா என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

விரல் எடுத்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் உன் மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். என்னிடம் சொல்லவில்லை, உன் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, மாப்ள, அந்தக் கிட்னிய வச்சிருக்க வச்சிருக்க ஆளைத் தின்னுரும் என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. உள்ளே கூப்பிட்டேன். அண்ணே, அந்தக் கிட்னி எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்க பாப்போம் என்றேன். முதுகைக் காட்டினார். நான் அடிவயிற்றில் வலது பக்கம் கையை வைத்து, இங்கன இருக்கு, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, தொட்டுப் பாக்குறீகளா என்றேன். மனுசர் ஹார்லிக்ஸை ஜன்னலில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனவர்தான். ராமக்காள் கதை இன்னொன்று. ஒட்டிக்கொள்ளும் என்று தன் பேத்தியைக் கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் பத்தாம் தேதி வேலைக்குப் போனதும், இது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா எழுதித் தந்த சர்டிபிகேட்டைக் கூடத்துச் சுவரில் எல்லோரும் படிக்கிற உயரத்தில் ஒட்டினேன். மறுநாள் பேத்தி வந்து இரண்டு தடவை வாங்கித் தின்றது. உன் அப்பாதான் பாவம், நான் போட்ட உப்பு மிளகுதான் உன்னைய இம்புட்டு நாள் டாக்டர்கிட்டப் போக விடலை என்று கோயில் பக்கமே போகாமல் இருந்தார். போன வெள்ளிக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சாமி, எங்க தப்பு எங்களோட, உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீயும் எங்க மேல வருத்தப்படாத என்று சத்தமாகவே சொன்னேன். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். திரும்பி வந்து ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இப்போது உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள், ரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்குகிறது என்று அதில் தெரியும். உன் கிட்னி வந்ததிலிருந்து எனக்கு ஒன்று புள்ளி நாலுக்கு மேல் போனதே இல்லை. மாத்திரையைக் குறைத்த பிறகு முதல் திங்கள் ஒன்று புள்ளி நாலு, அடுத்த திங்கள் ஒன்று புள்ளி ஐந்து, நேற்று முன்தினம் ஒன்று புள்ளி ஏழு. இரண்டைத் தாண்டினால் உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அப்போது மாத்திரையைக் கூட்டி இன்னொரு புற்றுக்கு இடம் கொடுப்பதா, கிட்னியை விடுவதா என்று பார்க்க வேண்டும். இன்னும் ஐந்து திங்கள்கிழமை இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது சுருளி. உன்னிடம் ஒளிக்க மாட்டேன், ஒளித்ததற்கு ஒரு விரல் கொடுத்தாயிற்று. காலையில் எழுந்ததும் கணுக்காலை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்க்கிறேன். ஒன்றுக்குப் போவதை அளந்து சுவரில் கரியால் கோடு போட்டு வைக்கிறேன்.

ஆனால் போனாப் போகட்டும் என்று எழுதினாயே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எதைப் போகட்டும் என்கிறாய்? 82இல் ஏழு மாதம் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் உயிரோடு கிடந்தவள் நான். தண்ணீர்ப் பானையைக் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லி அழுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆபரேசன் முடிந்து குழாயில் மூத்திரம் வடிந்தபோது நர்சுகள் கைதட்டினார்கள், அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் உன் கட்டிலில் உனக்குக் காட்டினார்கள், நீ வலியோடு சிரித்தாய் என்று அப்பா இப்போதும் சொல்லுவார். அதற்கு அப்புறம் நாலு வருசம் நான் இருந்திருக்கிறேன். நாலு சித்திரை அழகரைக் கும்பிட்டேன். வேலையில் சேர்ந்தேன், சொந்தச் சம்பளத்தில் உன் அப்பாவுக்கு வேட்டி எடுத்தேன், உன்னைப் பிலாய்க்கு ரயில் ஏற்றிவிட்டேன், தாகம் எடுத்த நேரத்துக்கெல்லாம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். அது அத்தனையும் உன் கிட்னி எனக்குச் செய்தது. இதையா மாமா கெட்டது என்கிறார், நீயும் தலையாட்டுகிறாய்? நீ கொடுக்கிறேன் என்றபோது, வயசுப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவன், உன் உடம்பில் கத்தி பட விட மாட்டேன் என்று நாலு நாள் சோறு தின்னாமல் சண்டை போட்டேன். நீ கேட்டாயா? என் உடம்பு என் இஷ்டம்மா என்றாய். சரி, கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் உடம்பில் இருக்கிறது. வைத்துக்கொள்வதா விடுவதா என்பது என் இஷ்டம். நீ கொடுத்த அன்றைக்கே கொடுத்து முடித்துவிட்டாய், இனிமேல் போனால் எனக்குத்தான் போகும், நீ இழக்க அங்கே ஒன்றும் இல்லை. நான் அதை லேசில் விடுகிறவளும் இல்லை. இன்னொரு விரலைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்வேன், டாக்டர்கள் என் உயிரா அதுவா என்று கேட்டால் மட்டும் அப்போது யோசிப்பேன், அப்போதும் யோசிப்பது நான்தான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போன வருசம் மாசியில் வந்தபோது, வருசத்துக்கு ஒரு தடவை பிரஷரும் மூத்திரமும் பார்த்துக்கொள் என்று கிட்னி டாக்டர் உன்னிடமும் சொன்னார், நீ பார்த்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இந்த வாரமே உங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன், தண்ணீரைக் குறைக்காதே. தலைவலி என்றால் கடையில் கண்ட மாத்திரையை வாங்கி முழுங்காதே. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா, அழுகிற முகத்தோடு வருவதாக இருந்தால் வராதே. மாமாவுக்கு மரியாதையாக இரண்டு வரி எழுது, பெரிய மனுசர், பயத்தில் எழுதிவிட்டார், தங்கச்சி போய்விடுவாளோ என்று அவருக்கும் பயம்தான்.

உன் கடிதத்தின் கடைசியில் என்னை மன்னிச்சிரும்மா என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் பேனாவை அழுத்திப் பிடித்து அடித்துவிட்டுத்தான் கடிதத்தைப் பெட்டியில் வைத்தேன். விரல் போன பிறகு இந்தக் கை முதன்முதலில் பேனா பிடித்தது அதற்குத்தான். கிட்னி நின்றாலும் போனாலும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் என்னிடம் கேட்காதே.

நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் இரு ராசா. குலசாமி உன் கூடவே நிற்கட்டும்.

உன் அம்மா,
ந. முத்துத்தாய்